புதைமேடுகளை அரிய உயிரினமாக்கிய கதை

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஒரு தொல்லியல் அலுவலகத்தில் ஜிஐஎஸ் (கணினி வரைபட) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. "நம் மாநிலத்துப் பழமைச் சின்னங்களின் தரவை இன்ஸ்பயருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்கள். மூன்று வாரம் என்றேன். பதினான்கு மாதம் ஆனது.

இன்ஸ்பயர் என்பது 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒரு சட்டம். ஆறு, மண், நிலப் பயன்பாடு என 34 தலைப்புகளில் அரசு அலுவலகங்களிடம் இருக்கும் வரைபடத் தரவுகளை எல்லா நாடுகளும் ஒரே வடிவில் பகிர வேண்டும். நோக்கம் சுற்றுச்சூழல் கொள்கை. அதில் தேவாலயத்துக்கும் கல்லறைக்கும் என்ன வேலை? "பாதுகாக்கப்பட்ட இடங்கள்" என்ற தலைப்பின் வகைப் பட்டியலைத் திறந்தால் இயற்கைப் பாதுகாப்போடு தொல்லியல், பண்பாடு என்ற வகைகளும் உட்கார்ந்திருக்கும். அதுவும் நியாயம்தான். காற்றாலையோ நெடுஞ்சாலையோ போடும் முன் செய்யும் தாக்க மதிப்பீட்டில் பண்பாட்டு மரபையும் பார்க்க வேண்டும் என்று இன்னொரு ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைப் பார்ப்பது?

முதல் சிக்கல் தேதி. ஒவ்வோர் இடமும் சட்டப்படி எந்த நாளில் பாதுகாப்புப் பெற்றது என்று ஒரு கட்டம். எங்கள் மாநிலத்தில் ஒரு சின்னம் சட்டத்தின் வரையறைக்குள் வந்தாலே பாதுகாப்பு உண்டு, பட்டியலில் ஏற்றுவது வெறும் பதிவுதான். சட்டப் பிரிவில் கேட்டதற்கு, "அப்படியானால் சட்டம் அமலுக்கு வந்த நாளைப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். வெண்கலக் காலப் புதைமேடும் 19-ஆம் நூற்றாண்டு ரயில் நிலையமும் ஒரே நாளில் பிறந்தன.

அப்புறம் ஹேல் ஸ்டூடியோ. இலவச மென்பொருள்தான். இடப்பக்கம் நம் பழைய அட்டவணை, வலப்பக்கம் ஐரோப்பிய அமைப்பு, நடுவில் கோடு இழுத்து இணைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த வேலை பிடித்திருந்தது. இன்ஸ்பயர் கேட்கும் வரைபடக் கோப்பு வடிவம் ஜிஎம்எல். முதல் ஜிஎம்எல் கோப்பு, அமைப்பைச் சோதிக்கும் வேலிடேட்டர் மென்பொருளில் பச்சை விளக்கோடு தேறியதும் ஒரு காபி எடுத்துக்கொண்டு வந்து வரைபடத்தில் திறந்தேன். ஜெர்மனியில் ஒரு புள்ளிகூட இல்லை. தேடிப் பார்த்தால் எங்கள் தேவாலயங்கள் அத்தனையும் சோமாலியாவின் கிழக்கு முனையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இங்கே அட்சரேகை 51, தீர்க்கரேகை 11. நான் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். வேலிடேட்டருக்கு அமைப்பு சரியாக இருந்தால் போதும், தேவாலயம் எந்தக் கண்டத்தில் நிற்கிறது என்பது அதன் கவலை இல்லை.

கட்டடங்கள் அதோடு முடிந்தன. எக்ஸெலில் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பெயர்களை நீக்கியது தவிர பெரிய வேலை இல்லை. தெருவில் நிற்கும் தேவாலயத்தை யாரிடம் மறைப்பது?

மண்ணுக்கடியில் இருப்பவைதான் பாடாய்ப்படுத்தின. எங்கள் மூத்த தொல்லியலாளர் அம்மையார் என் திரையில் புதைமேடுகளின் புள்ளிகளைப் பார்த்தார். "இதையா உலகத்துக்கே கொடுக்கப் போகிறாய்?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1999-இல் நெப்ரா அருகே ஒரு குன்றில் உலோகம் தேடும் கருவியோடு போன இரண்டு பேர்தான் சூரியன், நிலா, விண்மீன்கள் பதித்த சுமார் 3,600 ஆண்டுப் பழமையான வெண்கல வானத் தட்டைத் தோண்டி எடுத்து விற்றார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் வலை விரித்துத்தான் அதை மீட்க முடிந்தது. அப்படிப்பட்ட ஆட்களுக்கு எங்கள் கோப்பு ஒரு வழிகாட்டிப் பலகை.

சட்டத்தைப் புரட்டினோம். பொதுமக்கள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் காரணங்கள் 13-ஆவது பிரிவில் வருகின்றன. கடைசிக் காரணம் சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது. அதற்கு உதாரணம், அரிய உயிரினங்கள் இருக்கும் இடம். பானை ஓட்டைப் பற்றியோ கல்லறையைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை. ஒரு மதியம் முழுக்க வாதாடி, புதைமேடுகளையும் அந்தக் கூட்டுக்குள் நுழைத்தோம். இன்றைக்கும் அது கொஞ்சம் இழுத்துக் கட்டிய வாதம் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. அந்தக் காரணத்தை வைத்து மெட்டாடேட்டாவை, அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பை, மறைக்க முடியாது. இப்படி ஒரு தரவு எங்களிடம் இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும்.

தொழில்நுட்பத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. பெயர், தேதி போன்றவற்றை "வெளியிடவில்லை" என்று குறித்து விட்டுவிடலாம். இட வடிவத்தையும் அடையாள எண்ணையும் அப்படி விட முடியாது, இரண்டும் கட்டாயம். சரி, இடத்தை மங்கலாக்குவோம் என்று ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் 500 மீட்டரில் ஒரு வட்டம் போட்டுப் பெருமையாகக் காட்டினேன். அம்மையார் பேனா முனையை ஒரு வட்டத்தின் நடுவில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேடு அங்கேதான் இருந்தது.

வட்டங்களைக் கழித்துவிட்டு, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான 1 கிலோமீட்டர் கட்டங்களில் மேடு விழும் கட்டத்தை மட்டும் காட்டினோம். அடுத்து பெயர்கள். "ஆலைக்குப் பின்னால் உள்ள காட்டுமேடு" என்கிற மாதிரிப் பெயர்கள். வட்டமே தேவலை. அத்தனையையும் "வெளியிடவில்லை" ஆக்கினோம். வெளியிட ஒரு வாரம் இருக்கும்போது ஏதோ எண்ணைச் சரிபார்க்கப் போன நான் அடையாள எண்ணை முதல்முறையாக நிறுத்தி வாசித்தேன். எனக்கு முன் இருந்த யாரோ அதை ஊர்க் குறியீட்டோடு நில உட்பிரிவு எண்ணைச் சேர்த்து உருவாக்கியிருந்தார். மேடு எந்த வயலில் இருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்தது. அடையாள எண்ணை ஒருமுறை வெளியிட்டால் மாற்றக் கூடாது என்பது விதி. நல்லவேளை, இன்னும் வெளியிடவில்லை. எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்து, பழையதையும் புதியதையும் இணைக்கும் அட்டவணையை அலுவலகத்துக்குள்ளேயே பூட்டி வைத்தோம். துல்லியமான இடம் தேவைப்படும் அரசு அலுவலகங்களுக்குத் தனிச் சேவை ஒன்றும் தொடங்கினோம். சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

சேவை திறந்த அன்று அம்மையார் தன் கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கி, இளவயதில் தானே தோண்டிய ஒரு மேட்டைத் தேடினார். கட்டத்துக்குள் பாதிக் காடு, ஒரு கால்பந்து மைதானம், குளத்தின் ஒரு கரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கிடைக்கவில்லை," என்று சொல்லிவிட்டு மதிய உணவுக்குக் கிளம்பினார்.