டாம் தகப்பனுக்குப் படிப்பித்த எழுத்து

மகளின் பள்ளிப் பயிற்சித் தாளில் ஆறு படங்கள். அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடும் குடும்பம், காடு, ஆறு, படகு... ஆறாவதில் கனடா. கீழே, இனி அவர்களுக்குக் கவலையே இல்லை என்று ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது. அகதியாக வந்து இறங்கிய யாரைக் கேட்டாலும் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விடிய விடியச் சொல்வார்கள்.

ஒன்ராறியோவின் டிரெஸ்டனில் உள்ள ஜோசையா ஹென்சன் அருங்காட்சியகத்துக்கு வகுப்போடு துணைக்குப் போனேன். மீன் பணிஸ் கட்ட வேண்டாம், பஸ் முழுக்க மணக்கும் என்று மகள் முதல்நாளே சொல்லிவிட்டாள். சரி, ஜாம் பாண்.

ஹென்சன் 1789இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1830இல் மனைவி சார்லட்டோடும் நாலு பிள்ளைகளோடும் கென்டக்கியிலிருந்து தப்பினார். கடைசி இரண்டுக்கும் இரண்டு, மூன்று வயது. இரண்டையும் முதுகில் சுமக்க ஒரு பெரிய பை தைக்கச் சொல்லி, பழக்கத்துக்காக முன்கூட்டியே இரவிரவாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வழியில் தோளெல்லாம் புண்.

95 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அப்பா கண்முன் வந்தார். எங்களை யாரும் விலை பேசி விற்கவில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர எனக்கு நேரமெடுத்தது.

கனடாக் கரையில் கால் வைத்ததும் ஹென்சன் மணலில் உருண்டு புரண்டு துள்ளினாராம். பார்த்த ஒருவர் வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்தாராம். இதைக் கேட்ட பையன்கள் வெளியே புல்லில் உருண்டு காட்டினார்கள். ஆசிரியை அதட்டிக்கொண்டே சிரித்தார்.

தாள் அதோடு முடிகிறது. ஹென்சன் சொல்லிவைத்த தன்வரலாறு முடியவில்லை. கனடாவில் அவருக்குக் கிடைத்த முதல் வீடு பன்றிகள் கிடந்த கொட்டில். அவற்றை விரட்டி, சுரண்டிக் கழுவி, வைக்கோல் பரப்பித்தான் குடும்பத்தைக் கூட்டிவந்தார். மூத்தவன் டாம் பள்ளிக்குப் போனான். ஒருநாள் பைபிள் வாசித்தவன், "தாவீது யார் அப்பா?" என்று கேட்டான். தகப்பனுக்குத் தெரியவில்லை, வாசிக்கவும் தெரியாதென்று மகனிடம் சொல்லவேண்டி வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், இரவில் பைன் கட்டை எரியும் வெளிச்சத்தில் மகனிடமே எழுத்துப் படித்தார். இதை ஏன் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டும்?

இதே டிரெஸ்டனில் நூறு வருடம் கழித்தும் சில உணவகங்களில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். ஹியூ பர்னெட் என்ற தச்சரும் அவரோடு நின்றவர்களும் விடாமல் போராடினார்கள். 1954இல் ஒன்ராறியோ அதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். ஆசிரியையிடம் சொன்னேன். அடுத்த வகுப்பில் கதைப்போம் என்றார்.

எங்களுக்கு இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றுதான் ஊரிலிருந்து கேட்பவர்களுக்குச் சொல்வேன். வீடு, வேலை, பின்வளவில் கறிவேப்பிலைத் தொட்டி. திரும்பி வரும்போது பஸ்ஸில் மனம் முழுக்க அப்பாதான். உரும்பிராயில் திண்ணையில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பார், அயலட்டை கேட்கும். இங்கே வந்தபின் கடித உறையை என் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பிள்ளை, என்னவாம்?"

"அம்மப்பாவுக்கு நீங்கள் படிப்பிச்சீங்களா?" என்று மகள் கேட்டாள்.

படிப்பித்தேன். சாரதிப் பரீட்சைப் புத்தகத்தை, குசினி மேசையில், வரிவரியாக. லைசன்ஸ் கிடைத்து அவர் முதலில் எங்களை ஏற்றிப் போனது ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு. வழியில் வந்த பெயர்ப்பலகை ஒன்றையும் விடவில்லை. திண்ணையில் பேப்பர் வாசித்த அதே குரலில் எல்லாவற்றையும் எங்களுக்கு உரத்து வாசித்துக்கொண்டே ஓட்டினார்.