தங்க நானோ துகளில் தயோல் பூச்சு: எஃப்.டி.ஐ.ஆர்.-ல் பார்க்கும் முறை

டோடெகேன்தயோல் (தயோல் என்பது கார்பன் சங்கிலியின் நுனியில் கந்தகம்-ஹைட்ரஜன், அதாவது எஸ்-ஹெச், உள்ள மூலக்கூறு) தங்கத்தில் ஒட்டியதா என்று எஃப்.டி.ஐ.ஆர்.-ல் (மாதிரி எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் முறை) பார்க்க எல்லோரும் முதலில் தேடுவது 2570 செ.மீ⁻¹ பக்கம் வரும் எஸ்-ஹெச் பீக்கைத்தான். அது காணவில்லை என்றால் ‘பிணைப்பு உறுதி’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள். அது செல்லாது. சுத்தமான தயோலிலேயே அந்தப் பீக் சின்னதுதான். தயோல் ஆக்ஸிஜனேற்றமாகி டைசல்ஃபைடு (இரண்டு தயோல் கந்தகம் வழியே இணைந்தது) ஆனாலும் எஸ்-ஹெச் மறைந்துவிடும். தங்கம்-கந்தகப் பிணைப்பின் அதிர்வோ 400-க்குக் கீழே, சாதாரணக் கருவிக்கு எட்டாது.

பாதி வேலை கழுவுவதில் இருக்கிறது. 1994-இல் வந்த பிரஸ்ட் முறையில் (அதை வெளியிட்ட வேதியியலாளரின் பெயர்) துகள் செய்தால், அதில் சேர்க்கும் டெட்ராஆக்டைல்அமோனியம் புரோமைடு என்ற உப்பு கூடவே தங்கிவிடும். அதன் சங்கிலியும் தயோல் சங்கிலி காட்டும் அதே இடத்தில்தான் பீக் தரும், ஐ.ஆர். இரண்டையும் பிரித்துச் சொல்லாது. டொலுயீனைக் குறைத்து, எத்தனால் நிறையச் சேர்த்துப் படியவைத்து, சென்டிரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அடியில் இருப்பதைக் கொஞ்சம் டொலுயீனில் மறுபடி கரைக்க வேண்டும். குறைந்தது மூன்று சுற்று. புரோட்டான் என்.எம்.ஆர். (ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப்புலத்தில் பார்க்கும் முறை) வசதி இருந்தால் அதிலும் பார்த்துவிடுவது நல்லது: ஒட்டாத மூலக்கூறு கூர்மையான கோடாக நிற்கும், ஒட்டியது அகன்றுபோகும்.

ஏ.டி.ஆர். (மாதிரியை ஒரு வைரத்தின் மேல் வைத்து, வைரத்துக்குள் எதிரொளிக்கும் ஒளியால் அளக்கும் முறை) வைரத்தைத் துடைத்து, மாதிரி இல்லாமல் ஒரு பேக்ரவுண்ட் எடுத்துவிட்டு, அடர்த்தியான கரைசலில் 5 மைக்ரோலிட்டர் விட்டுக் காயவிடுங்கள். 728, 694 பீக்குகள் இரண்டும் மறைந்தால்தான் டொலுயீன் போயிருக்கிறது. 1050 பக்கம் மேடு தெரிந்தால் எத்தனால் மிச்சம். ரெசல்யூஷன் 2 செ.மீ⁻¹, ஸ்கேன் 128 வைத்துக்கொள்ளலாம். 2349-இல் வருவது அறைக்காற்றின் கார்பன் டைஆக்சைடு. அதற்கு விளக்கம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம்.

உண்மையான செய்தி சங்கிலியின் சி.ஹெச்.2 பீக்குகளில் இருக்கிறது. 2918, 2850 என்றால் சங்கிலிகள் நேராக, நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. 2924, 2855-க்கு ஏறினால் வளைந்து நெளிந்து, திரவத்தில் இருப்பதுபோலக் கிடக்கின்றன. ஐந்தாறு செ.மீ⁻¹தான் வித்தியாசம். ஏ.டி.ஆர். பீக்கைச் சற்றுக் கீழே இழுக்கும் என்பதால், ஊடுருவல் முறையில் (ஒளியை மாதிரி வழியே அனுப்பி) எடுத்த எண்ணோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். தனித் தயோலையும் அதே வைரத்தில் ஓட்டி, அதை வைத்துப் பேசுங்கள்.

வெள்ளித் துகளுக்குப் பொட்டாசியம் புரோமைடு பெல்லட் (அந்த உப்போடு மாதிரியைக் கலந்து அழுத்திய வில்லை) போடுவதைத் தவிர்க்கலாம். புரோமைடுக்கு வெள்ளி மேல் பிரியம் அதிகம், பூச்சையே இடம்பெயர்க்கக்கூடும். தங்கத் துகளின் சிட்ரேட் பூச்சில் தலைவலி வேறு: 1590 பக்கத்துக் கார்பாக்சிலேட் பீக்கை 1640-இல் வரும் தண்ணீர் மூடிவிடும், அதிகம் கழுவினாலோ துகள் திரண்டு நிறம் நீலமாகும்.