ஊசி குத்தியே காணாமல் போன புத்தகங்கள்

ஆரி வேலை செய்யும் இடத்தில் ஜாக்கெட் துணிக்கு டிசைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரேஸிங் பேப்பரில் வரைந்த கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டு போவார்கள், அப்புறம் அதைத் துணிமேல் விரித்து மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கிவிடும். இதை நம்ம ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த சிக்கன வழி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1520களில் யோஹான் ஷான்ஸ்பெர்கர் என்ற அச்சகக்காரர் பூவேலை மாதிரிகளை மரக்கட்டையில் செதுக்கிப் புத்தகமாகப் போட்டார். 1527இல் கொலோன் நகரில் பீட்டர் குவென்டெலும் போட்டார். பார்த்தால் வெறும் படங்கள்தான், எப்படித் தைப்பது என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது; அது தெரியாதவளா இதை வாங்கப் போகிறாள்! வாங்கியவர்கள் பக்கத்தைக் கிழித்து, ஊசியால் குத்தி, கரித்தூளைத் தட்டித் துணிக்கு மாற்றினார்கள். அதனால்தான் அந்தப் புத்தகங்கள் இன்று அவ்வளவு அரிது. 1770இல் லண்டனில் தொடங்கிய 'லேடீஸ் மேகசின்' இதழோடு மடித்துக் கொடுத்த மாதிரித் தாள்களுக்கும் இதே கதிதான், பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய இதழ்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை.

ஊசி குத்துவதற்கே வேலை வைக்காதது பெர்லின். 1804 வாக்கில் பிலிப்சன் என்ற பெர்லின் படவியாபாரி கட்டம் போட்ட தாளில் டிசைனை அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் தீட்டி விற்றார். ஒரு கட்டம், ஒரு தையல், அவ்வளவுதான். எண்ணத் தெரிந்தால் போதும், வரையத் தெரிய வேண்டாம். 1810இல் விட்டிக் என்பவரும் இறங்கினார், அதுவும் மனைவி சொல்லி. 1840க்குள் 14,000 டிசைன்கள் வந்துவிட்டதாக அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கிளி, நாய்க்குட்டி, முட்டைக்கோஸ் அளவுக்குக் குண்டு ரோஜா என்று வீட்டுக்கு வீடு ஒரே படம். எனக்கு அந்த ரோஜாக்கள் பிடிக்கும், ஆனால் ஊரே ஒன்றைப்போல் தைத்தது கொஞ்சம் சலிப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1870களில் மான்செஸ்டரின் பிரிக்ஸ் கம்பெனி இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்த்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும் மாதிரிகளைக் கொண்டுவந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, தாளில் இருப்பது துணியில் இடவலம் மாறித்தான் விழும், ஆகவே எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியே அச்சடிப்பார்கள். இது தெரியாமல், அதே முறையில் வேலை செய்யும் பென்சிலை வாங்கித் தலையணை உறைக்கு 'குட் நைட்' என்று அழகாக எழுதித் தேய்த்தேன். கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிந்தது, அதன்மேல் ஒரு குண்டு ரோஜாவைத் தைத்து மூடிவிட்டேன்.