ஐ.டபிள்யூ.இ. மெட்டீரியல்ஸ் தாள்: டைலூஷனை எந்த முனையிலிருந்து அளக்கிறீர்கள்?

நேற்று ரிசல்ட் வந்தது. ஐ.டபிள்யூ.இ. (இன்டர்நேஷனல் வெல்டிங் இன்ஜினியர்) படிப்பின் இரண்டாவது மாட்யூலான மெட்டீரியல்ஸ் தேறிவிட்டேன், அப்பாடா. போன முறை 60 வேண்டிய இடத்தில் 54. அந்த ஆறு மார்க் ஒரே கணக்கில் போனது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி இது: கார்பன் ஸ்டீலையும் 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் வெல்ட் செய்ய 309எல் ஃபில்லர் (இணைப்பில் உருக்கி நிரப்பும் உலோகம்) ஆகுமா? டைலூஷன் (வெல்டில் உருகிக் கலக்கும் ஸ்டீலின் பங்கு) 30 சதவீதம். ஷேஃப்ளர் படத்தில் (குரோமியமும் அதுபோல் வேலை செய்யும் தனிமங்களும் சேர்ந்த குரோமியம் சமானம் ஒரு அச்சு, அதேபோல் நிக்கல் சமானம் மறு அச்சு; வெல்டின் உள்ளமைப்பைக் காட்டும்) இரண்டு ஸ்டீலுக்கும் புள்ளி வைத்து, நடுப்புள்ளி எடுத்து, அங்கிருந்து ஃபில்லர் புள்ளிக்குக் கோடு போட்டேன். அதுவரை சரி. அப்புறம் 30 சதவீதத்தை நடுப்புள்ளியிலிருந்து அளந்துவிட்டேன்! டைலூஷன் 30 என்றால் உருகிக் கலந்த ஸ்டீல் 30, ஃபில்லர் 70. ஃபில்லர் முனையிலிருந்துதான் 30 அளக்க வேண்டும். என் புள்ளி குரோமியம் சமானம் 14, நிக்கல் சமானம் 10 என்று மார்டென்சைட் (கடினமான, எளிதில் விரிசல் விடும் அமைப்பு) பகுதியில் போய் உட்கார்ந்தது. 'விரிசல் விடும், 309எல் ஆகாது' என்று அரைப் பக்கம் விளக்கம் வேறு எழுதினேன். சரியாக அளந்தால் 20, 12.7 பக்கம் வரும்; உடையாமல் வளையும் ஆஸ்டெனைட் அமைப்பு, கூடவே கொஞ்சம் ஃபெரைட் என்ற இன்னொரு அமைப்பு, ஹாட் கிராக்குக்கு (வெல்ட் உறையும்போது விடும் விரிசல்) அந்த ஃபெரைட்தான் காவல். எல்லா ஷாப்பிலும் இந்த ஜோடிக்கு 309எல் தான் போடுகிறார்கள், அது ஆகாது என்று விடை வந்தபோதே நான் ஸ்கேலைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு மனப்பாடம் ஏறாது, கையில் பிடித்துப் பார்த்தால்தான் நிற்கும். இதே ஜோடி வெல்டின் ஒரு வெட்டுத் துண்டை எமெரி தேய்த்து நைட்டல் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவினேன். கார்பன் ஸ்டீல் பக்கம் கருத்து, சூடு பட்ட பட்டை தனியாகத் தெரிந்தது. வெல்டும் 304எல்லும் பளபளவென்று அப்படியே நின்றன. பெவல் (வெல்டுக்காகச் சாய்த்து வெட்டிய விளிம்பு) இருந்த இடத்தைத் தாண்டி வெல்ட் ஸ்டீலைக் கடித்திருக்கும் அளவு, அதுதான் டைலூஷன். ரூட்டில் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்ட்) கடி அதிகம். கேள்வியில் 'ரூட் ரன்' என்று இருந்தால் உஷாராகுங்கள்.

மற்றவை:
- டென்சைல் (இழுத்துப் பார்க்கும் சோதனை): இரண்டில் பலம் குறைந்த ஸ்டீலின் அளவை எட்டினால் போதும்.
- பெண்ட் (வளைத்துப் பார்க்கும் சோதனை): குறுக்குத் துண்டில் மென்மையான பக்கமே முழுக்க வளைந்துவிடும், அதனால் வெல்டின் நீளவாட்டில் வெட்டிய துண்டு.
- ஃப்யூஷன் கோட்டில் (வெல்டும் ஸ்டீலும் சேரும் எல்லை) மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தத் தூளால் விரிசல் தேடும் சோதனை) பொய்க்கோடு காட்டும். டை பெனட்ரன்ட் (சாயத்தால் விரிசல் தேடுவது) என்று எழுதுங்கள்.
- வெல்டுக்குப் பிந்தைய ஹீட் ட்ரீட்மென்ட் ஸ்டெயின்லெஸ் பக்கத்தைக் கெடுக்கும் என்றால், கார்பன் பக்கம் பட்டரிங் (முகத்தில் முன்கூட்டியே ஃபில்லர் அடுக்கு போடுவது) செய்து, அதை மட்டும் ட்ரீட் பண்ணி, பிறகு இணைப்பு.

வாய்மொழியில் தேர்வாளர், பாய்லர் சூப்பர்ஹீட்டர் குழாயில் ஃபெரிட்டிக் ஸ்டீலையும் (கார்பன் ஸ்டீல் வகை) ஸ்டெயின்லெஸ்ஸையும் இணைக்க 309 போட்டால் ஏன் நீடிக்காது என்று கேட்டார். ஃபெரிட்டிக் பக்கத்துக் கார்பன் வெல்டுக்குள் நகர்ந்து, அது விட்டுப்போன இடத்தில் பலம் குறைந்த ஒரு பட்டை விழுகிறது; விரிவும் டிகிரிக்கு ஒரு பக்கம் மீட்டருக்கு 12 மைக்ரான், மறுபக்கம் 17, ஒவ்வொரு ஸ்டார்ட்டப்பிலும் அந்தப் பட்டைதான் இழுபடுகிறது; நிக்கல் ஃபில்லர் இரண்டையும் தணிக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு ஷேஃப்ளர் தாளை என் பக்கம் தள்ளி, '308எல் போட்டால்?' என்றார். பென்சிலை ஃபில்லர் முனையில் வைத்துத்தான் தொடங்கினேன். 17, 10.6, மார்டென்சைட் எல்லைக் கோட்டின் மேலேயே.