எடைக்கருவி காட்டுவது கொழுப்பை மட்டுமல்ல

உடற்பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே ஒரு கிலோ கூடிவிட்டதென்று நண்பர்கள் சோர்ந்துபோகும்போது, அவர்கள் நீரைக் கொழுப்பென்று எண்ணிவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர, உடல் செலவிடுவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரே இரவில் அது நடவாது. ஆனால், தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை வடிவம்) சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. பழக்கமில்லாத பயிற்சியால் நுண்காயமடைந்த தசைகளும் ஆறும்வரை நீர் கோத்திருக்கும். முந்தைய இரவின் ஊறுகாயும் அப்பளமும் (இவற்றைக் கைவிட எனக்கு மனமில்லை) தம் உப்பால் தம் பங்குக்கு நீரைத் தேக்கும். கடும் உணவுக்கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் மளமளவென இறங்கும் எடையிலும் பெரும்பகுதி இதே நீர்தான். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவதையே நான் நம்புகிறேன்.