தண்ணீர் எந்த வழியால் போகும்?

மாரி தொடங்கினால் எங்கள் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பேஸ்புக் முழுக்க ஒரே கேள்விதான்: வாவி கடலோடு சேரும் வாயை மண் அடைத்திருக்கிறதே, அந்த முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள்? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவர் உடனே வெட்டச் சொல்வார், பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது, இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். வாவியில் வலை போடுகிறவர் பொறுக்கச் சொல்வார், முந்தி வெட்டினால் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்பது அவருடைய பயம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்தைப் பற்றிய எங்கள் பேச்சு இந்தச் சண்டையோடு முடிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். தெற்கே அம்பாறை மாவட்டத்து வயல்களில் இருந்து வடிகிற தண்ணீர், மேற்கே உன்னிச்சை, நவகிரிப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் இதற்குள்தான் வந்து விழும். கடலுக்குப் போக பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் இருக்கிறது, மழையில்லாக் காலத்தில் அலை மண்ணைத் தள்ளி அதையும் அடைத்துவிடும். இது இயற்கை, எங்கள் பாட்டன்மாரும் இதோடுதான் வாழ்ந்தார்கள்.

இப்போது மழை பெய்கிற விதம் மாறிவிட்டது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும், பிறகு கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள், அது வடிந்து ஆட்கள் வீடு கழுவி முடிக்குமுன்னே பெப்ரவரியில் அடுத்தது வந்தது, அந்தப் போக வெள்ளாமை அப்படியே போனது. அதற்கு மேல் கடல் மட்டமும் உயருகிறது. இதை ஏனோ எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. வாவி உயரத்தில், கடல் தாழ்வில் இருந்தால்தான் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், அந்த வித்தியாசம் குறையக் குறைய முகத்துவாரத்தை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வடிய நாள் எடுக்கும்.

சரி, மழையையும் கடலையும் நாங்கள் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் வடிகால் வாய்க்காலான தோணாவை நிரப்பியது யார்? கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் போய்ப் பாருங்கள், ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோன தோணாவின் ஓரங்களில் குப்பையும் கட்டட உடைசலும் கொட்டி, அதற்கு மேல் கிரவல் பரப்பி, மதிலும் கட்டியாயிற்று. தாழ்ந்த வயல் காணியை டிப்பர் மண்ணால் நிரப்பி வீடு கட்டுகிறவர் தன் வாசலை உயர்த்திக்கொள்கிறார், அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் ஏறுகிறது. கிட்டங்கியில் ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி வந்து பாலத்தடியில் சிக்கி நிற்கும்போது தண்ணீர் வீதிக்கு மேலால் பாயும், நாவிதன்வெளிச் சனம் கல்முனைக்கு வர வழியில்லாமல் அந்தப் பக்கம் நிற்கும். ஒவ்வொரு வருசமும் வெள்ளம் வந்த பிறகுதான் அதை இழுக்க இயந்திரம் வருகிறது. ஏன், புரட்டாதியில் இழுத்தால் ஆகாதா?

மண் அள்ளுவதும் இதில் சேரும். ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும்தான் கழிமுகத்து நிலத்தை உயர்த்தி வைப்பது. வியட்நாமின் மீகொங் கழிமுகம் தாழ்ந்துகொண்டு போகிறது, மேலே அணைகள் வண்டலை மறிக்கின்றன, கீழே மணலை அள்ளுகிறார்கள், நிலத்தடி நீரையும் உறிஞ்சுகிறார்கள். எங்கள் கல்லோயா ஆறும் 1950களில் இருந்து இங்கினியாகலையில் மறிபட்டுத்தான் வருகிறது. அந்த அணையால் எத்தனையோ குடும்பம் சோறு சாப்பிடுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. மேலே மறித்துவிட்டு, கீழே மிச்சம் இருக்கிற மணலையும் இரவோடு இரவாக ஏற்றுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த மாரிக்கு முன்னம் உங்கள் ஊர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயம் கேளுங்கள்: தோணாவின் எல்லைக்கல் எங்கே, எந்தெந்த மதகு அடைபட்டிருக்கிறது, வாவி எந்த மட்டத்துக்கு வந்தால் முகத்துவாரம் வெட்டுவார்கள். மூன்றாவதை விவசாயியும் மீனவரும் ஒரே மேசையில் இருக்கும்போது, மழைக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.