'வீட்ல சும்மாதான் இருக்கேன்'

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் 'பெண்கள்' என்று தலைப்பு எடுத்துவிட்டு, கிடைத்த புள்ளிவிவரத்தை ஆண் ஒரு பத்தி, பெண் ஒரு பத்தி என்று பிரித்துப் பட்டை வரைபடம் போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மதிப்பெண் கிடைக்கும், ஆய்வு நடந்திருக்காது. ஒவ்வொரு துறையின் கருவியிலும் பெண் நழுவிப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் தலைப்பே வைக்க வேண்டும்.

பொருளியலில் அந்த இடம் ஒரு கேள்வி. "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டால், விடிகாலையில் இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தவர்கூட "இல்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார். அரசின் தேசிய மாதிரி ஆய்வு ஒவ்வொருவருக்கும் போடும் வேலைநிலைக் குறியீடுகளில் இவர் 92, அதாவது வீட்டு வேலை மட்டும் செய்பவர் ஆகிவிடுவார். உண்மையில் அவர் 11 (சொந்தத் தொழில்) அல்லது 21 (குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்). விறகும் மாட்டுத் தீவனமும் பொறுக்கி வருபவருக்கு 93. அந்தக் குறியீடு உழைப்பாளர் படைக்கு வெளியே நிற்கிறது. எனவே வேலையைப் பற்றிக் கேட்காமல் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதைத்தான் செய்கிறது. முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, 30 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்வார்கள். கல்லூரி மாணவரும் இதே கட்டத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ளலாம். முதலில் ஐந்து வீடுகளில் சோதித்துப் பாருங்கள். "சமைத்தேன்" என்று வந்த அரைமணிக்குள் குழந்தைக்கு ஊட்டியதும் அடங்கியிருக்கும். "அப்போ கூடவே வேற என்ன செஞ்சீங்க?" என்ற துணைக்கேள்வி இல்லாவிட்டால் பராமரிப்பு வேலை முழுக்கக் காணாமல் போகும். எல்லா வீட்டுக்கும் ஞாயிறன்றே போகாதீர்கள். அப்படிப் போனால் பதிவாவது சனிக்கிழமை மட்டுமே.

எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. 2019 ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். 2024இல் அது 289, 88. பார்த்தால் ஏதோ மூன்றில் ஒரு பங்காவது ஆண்கள் செய்வதுபோல் தோன்றும். ஆனால் இந்தச் சராசரி அன்று அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமானது. 2019இல் பெண்களில் 81.2 விழுக்காட்டினர் செய்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். பெருக்கிப் பார்த்தால் தலைக்குப் பெண்களுக்குச் சுமார் 243 நிமிடம், ஆண்களுக்கு வெறும் 25. எந்தச் சராசரி என்று குறிப்பிடாத அட்டவணையை நெறியாளர் திருப்பி அனுப்புவது நியாயம்தான்.

தமிழ்த் துறையில் சிக்கல் வேறு. குறுந்தொகை 25, 27 இரண்டுமே தலைவி கூற்று. முதலாவதைப் பாடியவர் கபிலர், அடுத்ததைப் பாடியவர் பெண்பாற் புலவரான வெள்ளிவீதியார். தலைவி பேசுகிறாள் என்பதாலேயே அதைப் 'பெண்குரல்' என்று எழுதிவிட்டால் ஆய்வு அங்கேயே சரிந்துவிடும். கூற்று யாருடையது, புலவர் யார் என்று அட்டவணையில் இரண்டு தனிப் பத்திகள் போட்டு வையுங்கள். சங்ககாலப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை, முப்பதென்பாரும் உண்டு, நாற்பதைத் தாண்டுவோரும் உண்டு. பெயரை மட்டும் வைத்துப் பால் தீர்மானிப்பதால் வரும் வினை. யாருடைய பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் இயலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரலாற்றில் காலம் இடறும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரை, பெயரோடும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதோடும் வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். இவர்களை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் குறிவைத்த தேவதாசி முறையோடு அப்படியே ஒட்டுவதுதான் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. நடுவே ஒன்பது நூற்றாண்டுகள் கிடக்கின்றன! கல்வெட்டில் உள்ள சொல்லையே கையாளுங்கள்.

மருந்தியல் மாணவர்கள் 'எங்களுக்கு இதெல்லாம் எதற்கு' என்பார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மருந்தைப் பாருங்கள். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால் 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொன்னது. அந்த மருந்து விற்பனைக்கு வந்து அதற்குள் இருபதாண்டு ஆகியிருந்தது.

எந்தத் துறையானாலும் குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதாயிருந்தால் தனியிடம் கட்டாயம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேளுங்கள். மாமியார் வந்து உட்கார்ந்தால் சமையல் பற்றிய கேள்விக்குத் தாவ, முன்கூட்டியே ஒரு மாற்றுப் பக்கம் வைத்திருங்கள். 181 மகளிர் உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் யார் கண்ணிலாவது படும். வாயால் சொல்லுங்கள். தனியிடம் அமையாவிட்டால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள்.

படிவத்தில் ஆண், பெண் என்பதோடு மூன்றாவது கட்டம் வைப்பது சரி. ஆனால் அறுபது பேர் மாதிரியில் ஒரே ஒருவர் திருநங்கையாக இருந்து, அவர் தெருவும் வயதும் அட்டவணையில் வந்தால், ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். அந்த வரியை அச்சிடாதீர்கள்.